அடிச்சா போதாது, விழணும்! இரும்பு கிடாவை சாய்க்க எந்த தோட்டா சரி?

குறி தப்பாமல் சுட்டும் புள்ளி கிடைக்காமல் போகும் போட்டி ஒன்று இருக்கு. அதன் பெயர் மெட்டாலிக் சில்லவுட். மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவுக்குப் பரவிய விளையாட்டு இது.

இலக்கு என்ன?
ஹை பவர் ரைஃபிள் பிரிவில் விலங்கு வடிவ இரும்புத் தகடுகள்தான் இலக்கு.
• கோழி - 200 மீட்டர்
• பன்றி - 300 மீட்டர்
• வான்கோழி - 385 மீட்டர்
• செம்மறிக் கிடா - 500 மீட்டர்

எதிலும் சாயாமல், நின்றபடிதான் சுடணும்.

சிக்கல் எங்கே?
கிடா 20 கிலோவுக்கு மேல் எடை. குண்டு பட்டு 'டங்'னு சத்தம் வந்தால் போதாது. கிடா கீழே விழணும். அதுக்காக ரொம்ப பெரிய தோட்டா எடுத்தால், பின்னுதைப்பில் தோள் வலிக்கும். அடுத்த ஷாட்டில் ட்ரிகரை இழுக்கும் முன்பே உடம்பு குலுங்கி, குறி தவறும்.

எது சரி?
• .308 வின்செஸ்டர்: கிடாவை சாய்க்கும், ஆனால் உதை அதிகம்.
• 7எம்எம்-08 ரெமிங்டன்: .308-இன் கழுத்தைக் குறுக்கி உருவானது. 1980-ல் விற்பனைக்கு வந்தது. உதையும் வலுவும் சமநிலையில் இருப்பதால் பலரின் தேர்வு.
• 6.5 கிரீட்மூர்: உதை குறைவு. ஆனால் குண்டு லேசானது என்பதால், கிடாவின் காலில் பட்டால் விழாமல் நிற்கலாம்.

தோட்டாவை வீட்டிலேயே நிரப்புபவர்கள் கோழிக்கு மென்மையான லோடு, கிடாவுக்கு கனமான குண்டு என்று பிரித்துக்கொள்வார்கள்.

துப்பாக்கி எப்படி?
சில்லவுட் ரைஃபிள் பிரிவில் ஸ்கோப்போடு சேர்த்து எடை சுமார் 4.6 கிலோவைத் தாண்டக்கூடாது. தூரத்துக்குத் தூரம் ஸ்கோப்பைத் திருப்பணும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் எத்தனை 'கிளிக்' என்று முன்பே குறித்து வைப்பது அவசியம்.