தாயகமும் நில உரிமையும்: சித்திரக்கதைத் தீவுகளும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

முன்னுரை

தாயகம் என்னும் கருத்து தமிழாய்வுலகில் பெரும்பாலும் இலக்கியத்தின் வழியாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. பிரிவு, ஏக்கம், நினைவு ஆகியனவே அவ்வாய்வுகளில் முதன்மை பெற்றன. அக்கருத்தை நில உரிமையின் வழியாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதன்பொருட்டு நாம் சற்றே வழக்கத்திற்கு மாறான ஓர் ஒப்பீட்டை மேற்கொள்கிறோம். சமுதாயத்தால் விலக்கப்பட்ட அதீத ஆற்றலுடையோருக்கு அமெரிக்கச் சித்திரக்கதைகள் படைத்துக் கொடுத்த கற்பனைத் தாயகங்கள் ஒருபுறம். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோட்டங்கள் மறுபுறம்.

இவ்வொப்பீடு வேடிக்கைக்காக மேற்கொள்ளப்படுவதன்று. இன்றைய மாணவர்கள் 'எக்ஸ்-மென்' கதைகளைத் திரைப்படங்கள் வாயிலாக நன்கறிவர். ஜெனோஷாத் தீவின் பெயரை அறிந்த மாணவன், தன் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தின் பெயரை அறியாதிருக்கக்கூடும். அறிந்ததிலிருந்து அறியாததற்கு அவனை அழைத்துச் செல்வது ஆசிரியர் பணியாதலின், இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது பயனுடைத்தென நாம் கருதுகிறோம்.

சித்திரக்கதை காட்டும் தாயகங்கள்

'எக்ஸ்-மென்' கதைத்தொடரை ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகிய இருவரும் 1963ஆம் ஆண்டில் தொடங்கினர். பிறப்பிலேயே வேறுபட்ட ஆற்றல் வாய்ந்தோர் மக்களால் அஞ்சப்பட்டு ஒதுக்கப்படுவதே அதன் அடிப்படைக் கரு. இத்தகையோர் எங்கு வாழ்வது என்னும் வினாவிற்கு அக்கதைகள் பல விடைகளைத் தந்துள்ளன.

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதைத்தொடரில் தோன்றிய அத்திலான் நகரம் மறைந்து வாழ்தலை விடையாகக் காட்டுகிறது. 'இன்ஹியூமன்ஸ்' எனப்பட்ட இனத்தார் அந்நகரில் உலகின் கண்ணுக்குப் புலப்படாமல் வாழ்கின்றனர். பிற்காலக் கதைகளில் அந்நகரமே நிலவுக்குப் பெயர்த்துச் செல்லப்படுகிறது.

1988ஆம் ஆண்டில் அறிமுகமான ஜெனோஷா, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கற்பனைத் தீவு. அதன் செழிப்பு ஆற்றலுடையோரின் கட்டாய உழைப்பினால் விளைந்தது. அவர்களுடைய பெயர் நீக்கப்பட்டு எண் இடப்படுகிறது; குடியிருப்பும் தனியே பிரிக்கப்படுகிறது. பின்னர் 1999ஆம் ஆண்டுக் கதையில் ஐக்கிய நாடுகள் நிறுவனம் அத்தீவை அவர்கள் தலைவர்களுள் ஒருவனான மெக்னீட்டோவிடம் அளிக்கிறது. 2001ஆம் ஆண்டுக் கதையில் ஒரே தாக்குதலில் அங்கு 1 கோடியே 60 இலட்சம் பேர் அழிகின்றனர்.

2019ஆம் ஆண்டில் கிராக்கோவா என்னும் உயிருள்ள தீவு தனிநாடாக அறிவிக்கப்படுகிறது. அந்நாடு அரிய மருந்துகளை உலகிற்கு வழங்கி, அதற்கு ஈடாக அங்கீகாரத்தைப் பெறுகிறது. தனக்கெனப் புதிய மொழியையும் எழுத்தையும் ஆக்கிக்கொள்கிறது. 2024ஆம் ஆண்டில் அக்கதைக் கட்டமும் நிறைவுற்றது.

மறைத்தல், கொடையாகப் பெறுதல், ஈடு கொடுத்துப் பெறுதல் என இத்தாயகங்கள் வழிகளால் வேறுபடினும் ஒன்றில் ஒன்றுபடுகின்றன. இவற்றிலெல்லாம் தாயகம் என்பது தலைவர்கள் பெறுவதும் இழப்பதும் ஆகும். அங்கு வாழும் ஒரு குடும்பத்திற்கு அதன் வீட்டின்மீதுள்ள உரிமை யாது என்பதில் இக்கதைகளின் கவனம் செல்வதில்லை. அவ்வினாவையே நாம் தோட்டத்தை நோக்கி எழுப்புகிறோம்.

தோட்டம்: வாழ்வும் உரிமையும்

நெகிரி செம்பிலானின் தோட்டப் பெயர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஷாங்காய், கெய்ரோ, மிடல்டன், எதர்டன், பிராட்வால், கெடிஸ் என்பன அவற்றுட் சில. நிலத்தை உடைமையாகக் கொண்டோரே பெயரையும் இட்டனர். லாபு தோட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள் தோட்டப் பிரிவின் எண்ணையே தம் பெயரில் ஏற்றன. ஆயினும் அவ்வெல்லைக்குள் தமிழர் ஒரு முழுமையான வாழ்வை அமைத்துக்கொண்டனர். லயம், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, இடுகாடு என அனைத்தும் அங்கிருந்தன. கிராக்கோவா மக்களைப்போல் மொழியைப் புதிதாக ஆக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை. கொண்டுவந்த மொழியைக் கோயிலும் பள்ளியும் காத்து நின்றன.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். சித்திரக்கதை மாந்தர் ஆற்றல் மிக்கோராதலால் விலக்கப்பட்டனர். தோட்டத் தமிழரோ உழைப்பிற்காக விரும்பி அழைக்கப்பட்டு, உழைப்பு வேண்டாதபோது விலக்கப்பட்டனர். எனவே அவர்களுடைய நிலைக்கு அண்மையில் நிற்பது ஜெனோஷாவின் முற்பகுதியே. அவ்வொப்புமையும் ஓரளவினதே, தோட்டத்தில் சட்டமும், பிற்காலத்தில் சங்கமும் இருந்தன.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட வேண்டுமென விதித்தது. ஆனால் அது பயன்படுத்தும் உரிமையே, உடைமை அன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது மலாயாவிலிருந்து ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுடைய தாயகம் இந்தியா எனக் கருதப்பட்டமை அச்செயலை எளிதாக்கியது. தாயகம் என்னும் சொல்லே ஒருவரை வெளியேற்றும் கருவியாகவும் அமையலாம் என்பதற்கு இது சான்றாகும்.

போருக்குப் பின் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி. பி. நாராயணன், 1954ஆம் ஆண்டில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைக்கு உயர்ந்தார். கூலியும் வேலைநிலைமையும் அச்சங்கத்தின் பேச்சுக்குரிய பொருள்களாயின. நிலம் அப்பேச்சுக்கு வெளியே நின்றது.

துண்டாடல்

1950களில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. பெருந்தோட்டம் ஏற்றிருந்த வீட்டுவசதி, மருத்துவம், பள்ளி முதலிய பொறுப்புகளைச் சிறு உடைமையாளர் தொடரவில்லை. இந்நிகழ்வை ஆராய்ந்த உங்கு அசிஸின் ஆய்வறிக்கை 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜெனோஷா ஒரு நாளில் அழிந்தது. தோட்டமோ கையெழுத்துகளால் சிறிது சிறிதாகக் கலைந்தது. ஒருவரும் கொல்லப்படவில்லையாயினும் ஓர் ஊர் இல்லாமற் போயிற்று.

உடைமை கைமாறுவது மட்டுமே தீர்வாகாது என்பதையும் வரலாறு காட்டுகிறது. நெகிரி செம்பிலானில் பரந்த தோட்டங்களை வைத்திருந்த கத்ரி நிறுவனம், 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் மலேசியர் வசமாயிற்று. நாட்டிற்கு அது பெருவெற்றி. ஆனால் லயத்தில் வாழ்ந்தவருக்கு வீட்டின்மீது உடைமையுரிமை அதனால் ஏற்படவில்லை. பின்னர் நீலாய், சிரம்பான் ஆகிய பகுதிகளில் தோட்ட நிலங்கள் நகரங்களாக மாறியபோது இக்குறைபாடு மீண்டும் வெளிப்பட்டது.

மூன்று மாற்று வழிகள்

தோட்டத்திற்கு மாற்றான நிலவுரிமை முறை அம்மாநிலத்திலேயே இருந்தது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரரின் பெர்ப்பாத்தே மரபுப்படி குலநிலம் தாய்வழியே பெண்மக்களுக்குச் செல்லும். குலத்திற்கு வெளியே அது விற்கப்படாது. 1909ஆம் ஆண்டின் மரபுவழி நிலவுரிமைச் சட்டம் இதனை ஏற்று உறுதிப்படுத்தியது. தோட்டத்து வேலிக்கு அப்பால் ரெம்பாவ், கோலப்பிலா வட்டாரங்களில் வாழ்ந்த மக்களுக்குத் தாயகம் என்பது பதிவேட்டில் எழுதப்பட்ட பெயராக இருந்தது.

இரண்டாவது, போர்ட்டிக்சன் வட்டாரத்திலுள்ள சுவா இந்தியர் குடியேற்றம். 1930களில் உருவான இச்சிற்றூர், கூலியாக அன்றிக் குடியானவராகத் தமிழர் நிலைபெறும் முயற்சியாக அமைந்தது. இத்தகைய குடியேற்றங்கள் மலாயாவில் மிகச் சிலவே. அளவிற் சிறிதாயினும், நிறுவனத்தின் பெயரின்றித் தன் மக்களின் பெயராலேயே அவ்வூர் வழங்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, கூட்டுறவு. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, 10 வெள்ளித் தவணைகளாகத் தொழிலாளரிடமே பங்குத்தொகை திரட்டப்பட்டது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இங்குத் தாயகம் கொடையாகக் கிடைத்ததன்று. உழைத்தோரின் சிறுசேமிப்பால் விலைக்கு வாங்கப்பட்டது. எந்தக் கற்பனைத் தீவும் எண்ணிப் பாராத வழி இது. ஆயினும் பங்குரிமை வேறு, குடியிருக்கும் வீட்டின்மீதான உரிமை வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் நாம் பெறும் முடிபு இதுவாகும். கூடி வாழ்தலும், மொழியும், வழிபாடும் ஓரிடத்தை ஊராக்குகின்றன. அவ்வூர் பிள்ளைகளுக்கும் நிலைக்க வேண்டுமாயின் நிலத்தின்மீது எழுதப்பட்ட உரிமை வேண்டும். சித்திரக்கதைகள் முதற்கூறை அழகுறக் காட்டி, இரண்டாவதைத் தலைவர்களின் ஒப்பந்தத்தில் விட்டுவிடுகின்றன. தோட்ட வரலாற்றை எழுதும் நாமும் அதே பிழையைச் செய்துவிடக் கூடாது. கோயில் திருவிழாவையும் லயத்து நினைவுகளையும் பதிவு செய்யும்போது, கோயிலும் பள்ளியும் நின்ற நிலம் எவர் பெயரில் இருந்தது என்பதையும் உடன் பதிவு செய்தல் வேண்டும்.

தமிழாசிரியர்கள் தம் மாணவர்க்கு இவ்வொரு பயிற்சியை அளிக்கலாம்: தம் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், அதன் உடைமையாளர், விட்டு வெளியேறிய ஆண்டு, வெளியேறிய காரணம் ஆகிய நான்கையும் மூத்தோரிடம் கேட்டு எழுதிவரச் செய்தல். அம்மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.