புவி வெப்பமயமாதலும் பல்லடத்துக் காற்றாலையும்

குளோபல் வார்மிங் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலும் நடப்பது இதுதான். துருவத்தில் பனி உருகுகிறது, கடல் மட்டம் உயர்கிறது, ஆகவே மரம் நடுவோம் என்று பத்துப் பக்கம் நிரம்பிவிடும். படித்து முடித்தவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. தப்பு எழுதியவர் மேல் இல்லை, தலைப்பு அவ்வளவு பெரிது. கடலைக் குடத்தில் அடைக்க முடியுமா?

இந்தத் துறையை வளர்த்தவர்களே சின்னக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். காற்றில் கரியமில வாயுவின் அளவு மாறினால் தரையின் வெப்பம் எவ்வளவு மாறும் என்ற ஒரே கேள்விக்கு, ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு 1896-ல் விடை சொன்னார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அதே வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரே மலை, ஒரே வாயு. ஆனால் அந்த வரைபடத்தைப் பார்க்காமல் இன்று யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சரி, கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இந்தத் தலைப்பை எப்படிச் சுருக்குவது? இடம், காலம், ஆள், கேள்வி என்று நான்கு முறை வெட்டிப் பார்க்கலாம்.

முதலில் இடம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியாகப் பாய்ந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் என்று வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கம் வெறும் பழமொழி இல்லை!

அடுத்து காலம், ஆள். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் நூற்பாலை தொடங்கினார். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. ஆக கோவையின் தொழிலே மின்சாரத்தை நம்பி வளர்ந்தது. நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம். கட்டணம் ஏறினாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, அடி மில்லுக்குத்தான். தமிழ்நாட்டில் சோதனை முயற்சியாக முதல் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நின்றன. 1990-களில் முப்பந்தலிலும், பிறகு பல்லடம், உடுமலைப் பக்கமும் தனியார் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன. முதலீடு செய்தவர்களில் மில்காரர்கள் முக்கியமானவர்கள்.

இப்போது கேள்வி. பஞ்சும் நூலும் தெரிந்தவர்கள் ஏன் காற்றில் பணம் போட்டார்கள்? பூமி சூடாகிறது என்ற கவலையா?

பதில் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. காற்றாலைக்கு அப்போது முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம் கழிக்க வருமான வரிச் சட்டம் அனுமதித்தது. ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால் ஒரு கோடி லாபத்துக்கு அந்த ஆண்டு வரி இல்லை. வரி விகிதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 லட்சம் கையில் நிற்கும். இது தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்புதான். ஆனாலும் இன்று கையில் இருக்கும் பணத்துக்கு மதிப்பு அதிகம் என்பது பி.காம். முதல் ஆண்டுப் பாடம். இதோடு இன்னொரு வசதி. பல்லடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாக எங்கோ இருக்கும் மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம். காற்றுக் காலத்தில் மிஞ்சியதை வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுக்கலாம். அதாவது காற்றுக்கு ஒரு பேங்க் அக்கவுண்ட்!

சட்டம் மாறியபோதெல்லாம் காற்றாலைகளின் வேகமும் மாறியது. 1996 பட்ஜெட்டில் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் ஆர்வம் குறைந்தது. பிறகு தேய்மானம் 80 சதவீதம் ஆனது. 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையும், யூனிட்டுக்கு 50 பைசா தரும் மத்திய அரசின் ஊக்கத்தொகையும் ஒன்றாக நின்றன. 2011-12-ல் நாடு முழுக்க 3,100 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டது, அடுத்த ஆண்டில் 1,700 அளவுக்கு விழுந்தது. அந்த ஆண்டு காற்று வீசாமல் இல்லை, பூமி சூடாவதும் நிற்கவில்லை. மாறியது சலுகை மட்டும்தான். 2014-ல் 80 சதவீதம் திரும்ப வந்தது, 2017-ல் 40 ஆகக் குறைந்தது.

இதில் ஒரு குறையும் உண்டு. தேய்மானச் சலுகை காற்றாலையை வாங்கியதற்குத்தான், அது எத்தனை யூனிட் தந்தது என்பதற்கு இல்லை. 50 பைசா ஊக்கத்தொகை 2009-ல் வந்ததே உற்பத்தியைப் பார்த்துப் பணம் கொடுப்பதற்காகத்தான். இரண்டில் எது நல்ல வழி? இங்கே ஒரு ஆய்வுக் கட்டுரை தயாராக இருக்கிறது. ஒரு நூற்பாலை, பத்து ஆண்டு ஆண்டறிக்கைகள், அதில் தேய்மானப் பட்டியலும் மின்செலவும். அவ்வளவு போதும்.

இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதற்கு அடித்தளம் போட்டவர்களில் பலர் உலகைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் இல்லை, கரண்ட் பில்லையும் வரியையும் குறைக்கக் கிளம்பியவர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதர்களின் நல்ல மனசை மட்டும் நம்பாமல், நல்லது செய்தால் லாபம் வரும்படி சட்டம் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. அந்தச் சட்டத்தை அடிக்கடி மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே சாட்சி.

புவி வெப்பமயமாதல் என்ற பெரிய கேள்விக்குப் பல்லடத்தில் சுற்றும் ஒரு இறக்கையில் இவ்வளவு விடை கிடைக்கிறது. தலைப்பைச் சுருக்கினால் விஷயம் சுருங்கிவிடும் என்று யார் சொன்னது?