அழைத்து வந்த படை

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் காணவரும் இளைஞர்க்கு நாம் ஆண்டவர் பெயர்களை அடுக்குகிறோம்: நாயக்கர், மைசூரார், ஆங்கிலேயர். எவர் அழைத்து எவர் வந்தார், வந்தவரால் வாழ்ந்தவர் யார், வீழ்ந்தவர் யார் என்று கேட்பதில்லை. இச்சமவெளி பாண்டிய நாட்டோடு இணைந்திருந்த காலத்துக் கதையொன்று அக்கேள்விக்கு விடை தருகிறது.

1170-ஐ ஒட்டிய ஆண்டுகள். மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போரிட்டனர். முற்றுகையில் சிக்கிய பராக்கிரமன், ஈழவேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருமுன்னே கொல்லப்பட்டான். கேட்டவன் மாண்டபின் படை திரும்பியதா? இல்லை! தளபதி இலங்காபுரன் தலைமையில் இராமேசுவரப் பகுதியில் இறங்கியது. மாண்டவன் மகன் வீரபாண்டியனை மதுரையில் அமர்த்தியது. சிறைப்பட்ட தமிழரைக் கொண்டே அனுராதபுரத்து மகாதூபியைச் செப்பனிட்டதைச் சூளவம்சம் பெருமையோடு பேசுகிறது.

குலசேகரன் சோழன் இரண்டாம் இராசாதிராசனை நாடினான். சோழப்படை வந்தது, வென்றது. ஈழத் தளபதியர் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டதைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுகிறது. மீண்டும் முடிசூடிய குலசேகரன் ஈழத்தோடே உறவாடினான்! சினந்த சோழர், எவனுக்கு எதிராகப் போரிட்டனரோ அந்த வீரபாண்டியனையே அரியணையில் ஏற்றினர். நீதிக்காக நடந்த போரா இது? ஆட்டுவிக்க ஏற்ற பொம்மையைத் தேடிய போர்!

இதற்கிடையே காஞ்சிப் பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள் தோழர்களே! ஈழப்படைக்கு அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன், ஞானசிவதேவரை வேண்டினான். அவர் 28 நாள் பூசை செய்தார். வெற்றிச் செய்தி வந்தது. ஆற்பாக்கம் என்னும் ஊரே அவருக்குக் கொடையாயிற்று. இதுவும் கல்வெட்டுச் சான்றே. வாளேந்திச் செத்தவன் மனைவிக்கு என்ன கிடைத்தது? மணியாட்டியவர்க்கோ ஊர் கிடைத்தது!

எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் படை சென்ற திசைதான் மாறியது. 1987 சூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதி காக்கச் சென்ற இந்தியப்படை, அக்டோபரிலேயே விடுதலைப்புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் அது முற்றாகத் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் மடிந்தனர். போரோ 2009 வரை ஓயவில்லை.

அண்டை நாட்டார் துயருக்கு இரங்குவது மனிதப்பண்பு. அதை நாம் கைவிடோம். அவர்க்காகக் குரல் கொடுப்போம், வருவோர்க்குப் புகலிடம் தருவோம். ஆனால் 'உதவி' என்று சொல்லி எல்லை தாண்டும் எந்தப் படையையும், அது எக்கொடி ஏந்தினும், எவர் நலனுக்காகச் செல்கிறாய் என்று கேட்போம். அப்படிக் கேட்கும் துணிவை இளைஞர்க்குத் தராத வரலாற்றுப் பாடம் வெறும் பெயர்ப்பட்டியலே.