வரைகோடு காட்டுவதும் மறைப்பதும்

இரப்பர்த் தோட்டங்களில் மழையளவைக் குறித்து வைப்பது நெடுங்கால வழக்கம். மாதம் முழுவதும் எத்தனை அங்குலம் பெய்தது என்பதை அக்குறிப்பேடு சொல்லும். ஆயின் மஸ்ஜித் தானா வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய தொழிலாளிக்கு அந்த மொத்தத்தால் ஆவதொன்றில்லை. விடியலில் பெய்து வேலையைக் கெடுத்த மழை எத்தனை நாள் என்பதே அவருக்குக் கணக்கு. பெய்தது ஒரே மழைதான். எதை எண்ணுகிறோம் என்பதில் வேறுபாடு வந்துவிடுகிறது. மின்னலைகளை அளக்கும் கருவிகளின் வரலாற்றிலும் இதே சிக்கல் எழுந்தது.

கண்ணுக்குப் புலனாகாத அலையை உணர்ந்து காட்டும் உறுப்பை 'உணரி' என்பர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு அமைத்த உணரிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அலை உண்டா இல்லையா என்பதே அக்காலத்துக் கேள்வி. எவ்வளவு என்னும் கேள்வி பின்னர்தான் வலுத்தது.

வானொலி பரவிய பின், மின்பொறிகளும் வண்டிகளும் எழுப்பிய கரகரப்பு நேயர்களை அலைக்கழித்தது. 1934இல் பாரிசில் கூடிய 'சிஸ்பர்' என்னும் பன்னாட்டுக் குழு இதனை அளக்க முனைந்தது. எப்போதோ ஒரு முறை வரும் வெடிப்பொலியைக் காது பொறுத்துக்கொள்ளும். அதுவே அடுத்தடுத்து வந்தால் பொறுக்காது. ஆகவே விரைந்து ஏறி மெல்ல இறங்கும் 'அரை உச்ச' உணரி வகுக்கப்பட்டது. பின்னர் நிலைபெற்ற விதிப்படி, 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அதன் ஏற்றக் கால அளவு 1 மில்லிவினாடி. இறக்கத்திற்கோ 160 மில்லிவினாடி. மனிதச் செவியின் எரிச்சலை மின்சுற்றில் வடித்துவிட்டனர் என்றே சொல்லலாம்.

அலைகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத் திரையில் வரைகோடாகக் காட்டும் பகுப்பாய்வுக் கருவிகள் 1960களில் பெரிதும் முன்னேறின. அவற்றின் திரையில் ஒளிப்புள்ளி இடைவிடாது ஓடியது. வந்தது எதுவோ அதுவே கோடாயிற்று. 1978இல் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட 8568ஏ கருவியில் நுண்செயலி புகுந்தது. கோடு 1001 புள்ளிகளாயிற்று. இங்கேதான் இடர் தொடங்கியது. 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அத்தனை புள்ளிகளில் அடக்கினால், ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 100 கிலோஹெர்ட்ஸுக்குப் பொறுப்பேற்கிறது. அதனுள் நிகழும் பலவற்றுள் எதைக் காட்டுவது?

நாற்பது மாணவர் பயிலும் வகுப்பைப் பற்றி ஒரே ஓர் எண்ணைச் சொல்லும்படி ஆசிரியரைக் கேட்பதைப் போன்றது இது. உச்ச உணரி முதல் மாணவனின் மதிப்பெண்ணைச் சொல்லும். சிறு அலையையும் தப்பவிடாது, ஆனால் இரைச்சலைப் பெரிதாக்கிவிடும். மாதிரி உணரி யாரோ ஒருவனை எழுப்பிக் கேட்கும். இரைச்சலை உள்ளபடி காட்டினாலும், இரு மாதிரிகளுக்கு இடையே நிற்கும் குறுகிய அலை காணாமற் போகலாம். சராசரி உணரிக்கு இரைச்சலின் ஆற்றலை அளப்பதே பணி. அதிலும் எச்சரிக்கை வேண்டும்: டெசிபெல் எண்களையே சராசரியாக்கினால் விடை 2.51 டெசிபெல் குறைந்துபோகும்.

8568ஏ கருவியை அமைத்தோர் ஓர் இடைவழி கண்டனர். ஒரு புள்ளியின் எல்லைக்குள் அலை ஏறவும் இறங்கவும் செய்தால் அதனை இரைச்சலெனக் கொண்டு, உச்சத்தையும் தாழ்வையும் அடுத்தடுத்த புள்ளிகளில் மாற்றி மாற்றி வரைந்தது கருவி. 'ரோசன்ஃபெல்' என்பது இம்முறையின் பெயர். யாரோ ஓர் அறிஞரின் பெயரென்று மாணவர் எண்ணக்கூடும். 'ஏறியது, இறங்கியது' என்னும் ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையே அது!

இவ்வரலாறு மலேசியாவுக்கு அயலானதன்று. 1972இல் அந்நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை நிறுவியது. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலெண்ட் எனவும், 2014இல் கீசைட் எனவும் பெயர் பெற்றுப் பாயான் லெப்பாசில் தொடர்கிறது. இக்காலக் கருவியில் உணரியைத் தேர்வதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எதைத் தேர்வது என்பது அளப்பவர் பொறுப்பு. உச்சம், மாதிரி, சராசரி என நீளும் அந்தப் பட்டியலில், பழைய வானொலி நேயர்களின் காதுக்கென வகுத்த அரை உச்ச உணரியும் இன்றுவரை இடம்பெற்றிருக்கிறது.