வாக்காளர் பதிவுப் படிவமும் தகுதி நிபந்தனைகளும் (இந்தியா)

இந்தியாவில் ஒருவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறுவதற்கான நிபந்தனைகள், அவற்றைப் படிவத்தில் கேட்கும் முறை ஆகியவை பற்றிய விவாதம் இங்கு கூறப்படுகிறது. வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய மூன்றும் 1948 முதல் தொடர்ந்து கேட்கப்பட்டு வருபவை. அவற்றுக்கு விண்ணப்பதாரரின் உறுதிமொழி போதுமா, சான்று வேண்டுமா, வேண்டுமெனில் அதைக் காட்டும் பொறுப்பு யாருடையது என்பவற்றில்தான் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

விடுதலைக்கு முன் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. பெண்களுக்கு இருந்த தடையை மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை 1921இல் நீக்கியது. ஆயினும் சொத்துத் தகுதி நீடித்ததால் பயன் பெற்றோர் சிலரே. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் தகுதியுள்ள ஆண்களின் மனைவியருக்கும், படைவீரர்களின் ஓய்வூதியம் பெறும் விதவையருக்கும் தாய்மாருக்கும் இடமளித்தது. கணவரின் தகுதியால் வாக்குரிமை பெறும் பெண்கள் தாமே விண்ணப்பிக்க வேண்டும் என்று சில மாகாணங்களில் விதித்ததைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அச்சட்டத்தின்கீழ் வாக்காளர் தொகை மூன்று முதல் மூன்றரைக் கோடி வரை எனப் பலவாறாகக் கூறப்படுகிறது.

வயது வந்தோர் அனைவருக்குமான பட்டியலைத் தயாரிக்கும் பணி, அரசமைப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1947 நவம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையின் செயலகத்தில் தொடங்கியது. 1948 மார்ச்சில் மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் அனுப்பப்பட்ட அறிவுறுத்தல், 1949 ஜனவரி 1 அன்று 21 வயது நிரம்பிய குடிமக்களைச் சேர்க்கச் சொன்னது. யார் குடிமகன் என்று வரையறுக்கும் சட்டம் அப்போது இல்லை. இந்தியர்கள் குடிமக்கள் ஆவதற்கு முன்பே வாக்காளர்கள் ஆனார்கள் என்று வரலாற்றாய்வாளர் ஒர்னிட் ஷானி தம் 2018ஆம் ஆண்டு நூலில் வாதிடுகிறார்.

அறிவுறுத்தலின் மற்றொரு நிபந்தனையே பெரிய சிக்கலானது. 1948 மார்ச் 31உடன் முடியும் ஓராண்டில் குறைந்தது 180 நாட்கள் அவ்விடத்தில் வசித்திருக்க வேண்டும் என்றது அது. சாதாரணக் காலத்தில் எவரும் குறை காண முடியாத விதி. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், 1947 அக்டோபர் தொடக்கத்துக்குப் பின் எல்லை கடந்து வந்த எவருக்கும் 180 நாட்கள் தேறாது. முகாமிலிருந்து முகாமுக்கு மாறியவர்களுக்கு முன்பே வந்திருந்தாலும் தேறாது. பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களில் பெரும்பகுதியை ஒரே வாக்கியம் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது.

அகதிகளின் சங்கங்களும் தனிநபர்களும் செயலகத்துக்கு மனு அனுப்பினர். மனுக்களுக்குப் பதில் எழுதப்பட்டது என்பதும், அவற்றைப் படித்தே விதி மாற்றப்பட்டது என்பதும் அலுவலகக் கோப்புகளின் வரலாற்றில் அரிதானவை. 1948இன் நடுப்பகுதியில் செயலகம் நிபந்தனையைத் தளர்த்தியது. ஓர் ஊரில் நிலையாக வசிக்க எண்ணம் கொண்டிருப்பதாக அகதி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும். நாட்கணக்கு வேண்டாம், வேறு சான்றும் வேண்டாம். கடந்த காலத்தில் எங்கே இருந்தீர் என்று கேட்ட படிவம், இனி எங்கே இருக்கப்போகிறீர் என்று கேட்கத் தொடங்கியது. 1949 ஜனவரி 8 அன்று சபை நிறைவேற்றிய தீர்மானத்திலும் இந்த ஏற்பாடு இடம்பெற்றது.

எல்லா மாகாணங்களும் இதை ஒரே மனத்துடன் ஏற்கவில்லை. அசாமில் நிலையாக வசிக்காத மக்கள்தொகை குறித்து விழிப்புடன் இருக்குமாறு மாகாண அரசு அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. அகதிகள் விடுபடுவதாக அங்குள்ள குடிமக்கள் சங்கங்கள் டெல்லிக்கு முறையிட்டன. உள்ளூர் மக்களின் அச்சத்தை மாகாண அரசு எதிரொலித்ததா, அகதிகளை வேண்டுமென்றே விலக்கியதா என்பதில் இன்றும் இருவேறு பார்வைகள் உள்ளன. அரசமைப்புச் சட்டத்தில் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைப் பிரிவுகள், 1948 ஜூலை 19 அன்றோ அதற்குப் பின்னோ பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் குடிமக்களாகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றன. உறுதிமொழியின் தாராளம் அத்துடன் ஓரளவு சுருங்கியது.

முதல் பொதுத் தேர்தலுக்கான பட்டியலில் சுமார் 17.3 கோடிப் பேர் இடம்பெற்றனர். அதைச் சரிபார்த்தபோது வெளிப்பட்ட குறை சட்டத்தில் எங்கும் எழுதப்படாதது. வட மாநிலங்கள் பலவற்றில் ஏராளமான பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்திருந்தனர். அறிமுகமில்லாத ஆணிடம் பெயரைச் சொல்வது அங்கு வழக்கமில்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத பதிவுகளை ஏற்க மறுத்தார். பீகாரில் பெயர் சேர்க்க ஒரு மாதம் கூடுதலாகத் தரப்பட்டது. இருந்தும் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளரில் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெண்ணைத் தனி நபராக ஏற்ற முடிவு என்று பலர் இதைப் பாராட்டுவர். அந்தத் தேர்தலில் வாக்கிழந்த 28 லட்சம் பேரின் கருத்து எங்கும் பதிவாகவில்லை.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தொடக்கத்தில் 180 நாள் விதியைத் தக்கவைத்தது. பிந்தைய திருத்தங்களில் அது நீங்கி, ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பதே நிபந்தனையாக நின்றது. அங்கே சொந்த வீடு இருப்பது மட்டும் அதற்குப் போதாது என 20ஆம் பிரிவு கூறுகிறது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7, திருத்தப் படிவம் 8 என்ற இன்றைய வரிசை 1960ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வருவது. வாக்களிக்கும் வயது 1989இல் 18 ஆனது.

குடியுரிமைச் சான்று பற்றிய வழக்குகளில் லால் பாபு உசேன் வழக்கு (1995) முக்கியமானது. டெல்லியிலும் மும்பையிலும் ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களிடம் ஆவணம் கேட்டதைப் பற்றியது அது. முந்தைய பட்டியலில் பெயர் இருப்பதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும், விசாரணையின்றி நீக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அசாமில் 1997 முதல் சிலரின் பெயருக்கு எதிரே ஐயத்துக்குரியவர் எனக் குறிக்கும் ‘டி’ எழுத்து இடப்பட்டு, அவர்களது வாக்குரிமை நிறுத்தி வைக்கப்பட்டது.

வீடற்றவர்களுக்கான நடைமுறை குறிப்பிடத்தக்கது. படிவத்தில் எழுதிய இடத்தில் விண்ணப்பதாரர் உண்மையில் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் சென்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளும் போகலாம். அப்படி உறுதி செய்யப்பட்டால் வசிப்பிட ஆவணம் தேவையில்லை. சான்று தேடி அலுவலரே நடக்கும் ஏற்பாடு இந்த விதித் தொகுப்பில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை.

2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், வயதைக் கணக்கிடுவதற்கு ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்களை ஏற்படுத்தியது. ஆதார் எண்ணைக் கேட்கும் படிவம் 6பி 2022 ஆகஸ்டில் வந்தது. ஆதார் கட்டாயமல்ல என்று தேர்தல் ஆணையம் அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

2025 ஜூன் 24 அன்று பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. 2003 பட்டியலில் இல்லாதவர்களிடம் கணக்கெடுப்புப் படிவத்துடன் ஆவணமும் கேட்கப்பட்டது. வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிந்தோர் ஆகியோரே அவர்கள் என்றது ஆணையம். தகுதியுள்ளோரும் விடுபட்டதாக, இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற மனுதாரர்கள் வாதிட்டனர். விடுபட்ட பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆதாரை அடையாளச் சான்றாக ஏற்கலாம், குடியுரிமைச் சான்றாக அல்ல என்று செப்டம்பரில் கூறியது. இதே திருத்தத்துக்காகத் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் கணக்கெடுப்புப் படிவங்கள் 2025 நவம்பர் 4 முதல் வீடு வீடாக வழங்கப்பட்டன.