தேயிலைத் தோட்டத்து நிழல்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றை எழுதியோர் நிலம், மூலதனம், உழைப்பு ஆகிய மூன்றையுமே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். பயிருக்கு மேலே நின்ற மரத்தை அவர்கள் அதிகம் நோக்கினாரல்லர். ஆயினும், பயிருக்கு நிழல் வேண்டுமா வேண்டாமா என்ற வினா மலைநாட்டின் தோற்றத்தையே பலமுறை மாற்றியமைத்த ஒன்றாகும்.

கண்டிப் பிரதேசக் கிராமத்தவர், பெருந்தோட்டங்கள் தோன்றுமுன்னரே கோப்பியைத் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து வந்தனர். பலா, கமுகு முதலியவற்றின் கீழ் அது ஒதுங்கி நின்றது. பின்னர் வந்த துரைமார் இம்முறையைக் கற்கவில்லை. யமேக்காவிற் பயின்று 1837இல் இங்கு வந்த ஆர். பி. டைட்லர் மேற்கிந்தியத் தீவுகளின் முறையைப் புகுத்தினார். காடு முற்றாக வெட்டி எரிக்கப்பட்டது. சாம்பல் படிந்த சரிவுகளில் கோப்பி வரிசை வரிசையாக நடப்பட்டது. கடன்பட்டு நிலம் வாங்கியவனுக்கு விரைந்த விளைச்சலே தேவைப்பட்டது. 1870இல் கோப்பி ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைத் தாண்டியது.

ஆனால் 1869இலேயே இலைத்துரு நோய் கண்டறியப்பட்டுவிட்டது. அதனை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வோட், நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு எனவும், அதன் வித்திகள் காற்றினாற் பரவுகின்றன எனவும், இடையீடின்றிப் பரந்து கிடந்த கோப்பியே அதற்கு வாய்ப்பளித்தது எனவும் விளக்கினார். துரைமார் எதிர்பார்த்ததோ மருந்தை, கிடைத்தது விளக்கம். நிழலின்மையே கோப்பியை அழித்தது என்பார் கூற்று மிகையானது. நிழலிலும் துரு தாக்கும். எனினும், இடையிடையே மரத்தொகுதிகள் நின்றிருப்பின் காற்றின் வேகமும் அதனோடு நோயின் வேகமும் தணிந்திருக்கும் என்பதை மறுத்தற்கில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் வீழ்ச்சிக்குப் பின் மலைநாடெங்கும் பரவியது. இம்முறை பயிரிடையே மரங்களும் நடப்பட்டன. இதனைத் துரைமார் பெற்ற படிப்பினை என்று மட்டும் கொள்ளலாகாது. தேயிலைக் கொழுந்தை உலர்த்த விறகு வேண்டியிருந்தமையும் ஒரு காரணமாகும். அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக்குரிய கிரவில்லியா இவ்வாறு வந்து சேர்ந்தது. மலையக மக்கள் அதற்குச் சவுக்கு என்று பெயரிட்டனர். தமிழகக் கடற்கரைச் சவுக்கு வேறு மரம், பெயர் மட்டுமே கடல் கடந்து மலையேறியது. அதனுடன் முள்முருக்கின் இனத்ததாகிய டடப் மரமும் நடப்பட்டது. அது வேர்முடிச்சுகளால் வளியிலுள்ள நைதரசனைப் பதித்தது. வெட்டப்பட்ட கிளைகளும் இலைகளும் பசளையாயின.

இயற்கையிற் காட்டின் கீழ்த்தளத்தில் வளர்ந்த தேயிலைக்கு முழு வெயில் தேவையில்லை. இலையின் வெப்பநிலை 35 பாகை செல்சியசைக் கடந்தால் ஒளித்தொகுப்புக் குன்றும். ஆதலின் தாழ்நாட்டிலும் இடைநாட்டிலும் நிழல் விளைச்சலைக் காக்கின்றது. முகில் மூடிய உயர்நாட்டின் நிலை அதுவன்று. அங்கு அடர்ந்த நிழல் விளைச்சலைக் குறைக்கவும் கூடும்.

இவ்வேறுபாட்டின் கடுமையை 1946ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டிற் கொப்புள நோய் இலங்கையை அடைந்தது. இளங்கொழுந்து நெடுநேரம் ஈரமாயிருந்தாலே இந்நோயின் வித்திகள் முளைக்கும். வெயில் பட்டால் ஈரம் உலரும். எனவே, முன்னர் பேணி வளர்க்கப்பட்ட நிழல்மரங்கள் உயர்நாட்டிற் பல இடங்களில் வெட்டப்பட்டன. எஞ்சியவை கவ்வாத்துச் செய்யப்பட்டன. செப்பு மருந்தும் தெளிக்கப்பட்டது. நோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் மண்ணிற்கு இலைச்சருகும் டடப் தழையும் கிடைத்துவந்த இடங்களில் உரமூட்டை அவ்விடத்தைப் பிடித்தது. நிழலற்ற தேயிலை நைதரசன் உரத்திற்கு நன்கு பலன் தருமாதலால் இம்மாற்றம் இலாபகரமாகவே தோன்றிற்று.

இந்நீண்ட விவாதம் முழுவதும் செடியின் வெப்பத்தைப் பற்றியதே. கூடை சுமந்து அதே வெயிலில் நிரையிற் கொழுந்து பறித்த பெண்ணின் வெப்பம் அதிற் கணக்கிற் கொள்ளப்பட்டதாகத் தெரியவில்லை. மரங்களை நட்டவரும், கிளை வெட்டியவரும், பின்னர் வேரோடு சாய்த்தவரும் தொழிலாளரே. வெட்டிய கிளை லயத்து அடுப்பிற்கு விறகாக வந்தது மட்டுமே அவர்கள் பங்கு.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே அத்தடை விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் தேயிலை உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது. உரமூட்டைக்குப் பதிலாகத் தழை தேடியபோது, அதனைத் தரத்தக்க டடப் மரம் பல மலைகளில் இருக்கவில்லை. அம்மரத்தை நட்டு, கிளை வெட்டும் பருவம்வரை வளர்த்தெடுக்க ஆண்டுகள் செல்லும். தடையோ ஏழு மாதமும் நீடிக்கவில்லை.