சைப்பிரசு மலை பனிச்சறுக்கு மையம்

சைப்பிரசு மலை பனிச்சறுக்கு மையம் என்பது கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாகாணத்தில், மேற்கு வான்கூவர் நகராட்சிக்கு வடக்கே சைப்பிரசு மாகாணப் பூங்காவினுள் அமைந்துள்ள ஒரு பனிச்சறுக்கு மையம் ஆகும். வான்கூவர் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ தொலைவில் உள்ளது. மலையில் தங்கும் விடுதி கிடையாது. காலையில் வந்து சறுக்கிவிட்டு மாலையிலோ இரவிலோ வீடு திரும்புவோரே பெரும்பாலோர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் இங்கு நடைபெற்றன.

இப்பெயருக்கும் மத்தியதரைக் கடல் தீவான சைப்பிரசுக்கும் தொடர்பில்லை. இங்கு வளரும் மஞ்சள் சைப்பிரசு மரத்தினால் ஏற்பட்ட பெயர் இது.

வரலாறு

1960களின் பிற்பகுதியில் சறுக்குச் சரிவு அமைப்பதாகக் கூறித் தேவைக்கு மிஞ்சி மரங்கள் வெட்டப்பட்டன. பொதுமக்கள் எதிர்த்ததால் மாகாண அரசு தலையிட்டது. 1975 இல் இப்பகுதி மாகாணப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சறுக்கு மையத்தை முதலில் அரசே நடத்தியது. 1984 இல் அது தனியாரிடம் சென்றது.

சரிவுகள்

இறக்கச் சறுக்கு பிளாக் மலை, சிட்ராக்கன் மலை ஆகிய இரண்டிலும் நடைபெறுகிறது. கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகள் சறுக்குவோரை மேலே கொண்டு செல்கின்றன. வட அமெரிக்க வழக்கப்படி எளிய தடங்கள் பச்சை வட்டத்தாலும், நடுத்தரமானவை நீலச் சதுரத்தாலும், கடினமானவை கருப்பு வைரத்தாலும் குறிக்கப்படுகின்றன. முதன்முறை வருபவர் பச்சைத் தடத்தை விட்டு விலகாதிருப்பது நல்லது. அருகிலுள்ள ஆலிபர்ன் மலைப்பகுதியில் சமதளச் சறுக்குத் தடங்கள் உள்ளன.

பனியும் மழையும்

நகருக்கும் கடலுக்கும் அருகில் இருப்பதே இம்மையத்தின் வசதி. அதிக உயரமின்மையே அதன் குறை. அடிவார மையம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், சிட்ராக்கன் உச்சி 1,400 மீட்டருக்குச் சற்று மேலும் உள்ளன. பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுவதால் மழையோ பனியோ ஏராளமாகப் பொழியும். எது பொழியும் என்பதைச் சில பாகை வெப்பமே தீர்மானிக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்திற்கு வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைவதாகக் கொள்ளலாம். கடற்கரையில் 3 பாகை இருந்தால் சறுக்கு மையம் முழுவதும் பனி பொழியும். 8 பாகை இருந்தால் அடிவாரத்தில் மழையும், உச்சியில் மட்டும் பனியும் பொழியக்கூடும். வழமையான செயற்கைப் பனிப் பொறிகளும் உறைநிலைக்குக் கீழேயே பயன்படுவதால் வெப்பமான நாட்களில் அவற்றாலும் உதவியில்லை.

2010 ஒலிம்பிக்

இக்குறை உலகறிய வெளிப்பட்டது 2010 இல்தான். வான்கூவரில் அதுவரை பதிவானவற்றுள் மிக வெப்பமான சனவரி அவ்வாண்டினதே. போட்டிக்கான பனியைக் காக்கும் பொருட்டு சனவரி 13 அன்றே பொதுமக்களுக்குச் சரிவுகள் மூடப்பட்டன. வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின் மீது பனியைப் பரப்பித் தடங்கள் அமைக்கப்பட்டன. மலையின் உயரமான பகுதியிலிருந்து உலங்குவானூர்தியிலும், தொலைவிலுள்ள மேனிங் பூங்காவிலிருந்து சரக்குந்துகளிலும் பனி கொண்டுவரப்பட்டது. பார்வையாளர் நிற்குமிடத்தின் பனியை மழை கரைத்துவிட்டதால் ஏறத்தாழ 28,000 நுழைவுச்சீட்டுகள் இரத்தாயின.

போட்டிகள் தடைபடவில்லை. பெப்ரவரி 14 அன்று மேடுபள்ளச் சறுக்கில் அலெக்சாண்டர் பிலோடோ தங்கம் வென்றார். 1976, 1988 ஆகிய ஆண்டுகளிலும் ஒலிம்பிக்கை நடத்திய கனடா, தன் மண்ணில் பெற்ற முதல் தங்கம் இதுவாகும். இரு நாட்கள் கழித்து, இவ்வட்டாரத்திலேயே வளர்ந்த மயேல் ரிக்கர் பனிப்பலகைத் தடையோட்டத்தில் வென்று, சொந்த மண்ணில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கனடியப் பெண் ஆனார்.

2014–15 பருவத்தில் மீண்டும் பனி பொய்த்தது. அம்முறை பருவம் முடியுமுன்னரே சரிவுகளை மூட நேர்ந்தது.